சுற்றுக்கு நான்கு மூச்சு

ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றரை. எழுத்து கோணலாக விழுந்தால் தூக்கக் கலக்கம் என்று வைத்துக்கொள். பகலில் பேனாவை எடுத்தால் அத்தை யாருக்கு என்று கேட்பார்கள். உனக்கு என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

போன வருஷம் ஜனவரியில் இரண்டு வாரம் எங்கள் வீட்டில் இருந்துவிட்டுப் போனாய். பிப்ரவரியில் ஒரு கடிதம் போட்டாய். நான் பதில் எழுதவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும். நீ மறந்துவிட்டுப் போன ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு, குழந்தை சில்வண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தேன். அண்ணா அண்ணா என்று மூன்று தடவை கத்தினேன். ஜனமெல்லாம் திரும்பிப் பார்த்தது, நீ பார்க்கவில்லை. முந்தின நாள் சாப்பாட்டின்போது அத்தை சொன்ன வார்த்தைக்கு என்மேல் கோபத்தைக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். அதைக் கிளற இப்போது எழுதவில்லை. கடைக்குப் போன் செய்தால் உன் முதலாளிதான் எடுக்கிறார், "கை வேலையா இருக்கான்மா" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

சில்வண்டுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை.

இந்த வரியை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். சத்தம் கேட்டால் திரையில் ஓடும் கோடு மேலே எழும்ப வேண்டுமாம். எழும்பவே இல்லை. மூன்று வயது எட்டு மாதம் ஆகியும் அவள் ஒரு வார்த்தை பேசாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, அப்பாவைக் கொண்டு தாமதமாகப் பேசுவதும் இல்லை.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, எப்போதாவது கேட்டிருக்கிறதா என்பது. நான் உன் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். பத்திரமாக வைத்திருந்தேன். அவள் ரெண்டே கால் வயதில் பேச்சு வரவில்லை என்று நான் பயந்தபோது, நீ கொண்டுவந்த ரயில் எஞ்சினை வைத்துச் சோதித்துப் பார்க்கிறேன் என்றாயே. ஊருக்குப் போய் இப்படி எழுதினாய்: "பின்னால் இருந்து விசில் கொடுத்துப் பத்துத் தடவை பார்த்தேன். பத்துத் தடவையும் திரும்பிச் சிரித்தாள். காது நன்றாகக் கேட்கிறது. வீணாகப் பயந்து சாகாதே." அவர்கள் படித்துவிட்டு ஃபைலில் எழுதிக்கொண்டார்கள்: இரண்டே கால் வயதுவரை கேட்டிருக்கிறது, பிறகு போயிருக்கிறது.

அப்படியானால் ஏன் போனது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டுமாம். ஸ்கேன், ரத்தம், பிறகு ஆறு மாதம் பொறுத்திருந்து பார்ப்பது. போனது சில பேருக்குத் தானாகவே கொஞ்சம் திரும்புமாம். காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷனை இந்த ஆஸ்பத்திரியில் நாலு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குத்தான் இலவசமாகச் செய்கிறார்கள். இவளுக்கு அக்டோபரில் நாலு முடிகிறது. ஆறு மாதம் பொறுத்தால் பட்டியலில் இருக்க மாட்டாள்.

அதனால் நீ ஞாபகப்படுத்திப் பார்த்து எழுத வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்ததா, எங்கேயாவது விழுந்தாளா, நான் கவனிக்காதது ஏதாவது நீ பார்த்தாயா? இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. அத்தை சொல்கிறார்கள், "அந்த ரயிலு போட்ட கூச்சல்லதான் புள்ள காது அவிஞ்சு போச்சு" என்று. அதன் சத்தம் எவ்வளவு என்று டாக்டரம்மாவும் கேட்டார்கள்.

தங்கை


ஜூன் 17

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை, கடையில் வேலை.

உன் மாமியாரிடம் சொல், அந்த எஞ்சின் போடும் சத்தம் அவர்கள் மிக்சி போடுவதில் கால்வாசி. பொம்மை ரயில் கேட்டுக் காது போகும் என்றால் நாள் முழுக்க இப்படி எஞ்சின்களுக்குச் சத்தம் வைக்கும் இந்தக் கடையில் எட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கும் எனக்கு என்ன ஆகியிருக்க வேண்டும்? டாக்டர் கேட்டதால் விவரமாகவே எழுதுகிறேன். முழங்கை நீள எஞ்சின். நான் வாங்கும்போது ஊமை வண்டிதான், மோட்டார் முனகல் மட்டும் வரும். சத்தம் நான் போட்டது. பின்னால் கரி வைக்கிற பெட்டிக்குள் சின்ன சர்க்யூட், அதன் கீழே தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர். ஸ்பீக்கர் மேலே பார்த்து இருந்தால் சத்தம் தகரம் மாதிரி வரும், அதனால் தரையைப் பார்க்கவைத்து ஓரம் முழுக்கப் பசை வைத்து அடைத்தேன். சக்கர அச்சில் நாலு காந்தம். ஒவ்வொரு காந்தம் கடக்கும்போதும் சர்க்யூட் 'குப்' என்று ஒரு மூச்சு விடும். நிஜ எஞ்சின் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நாலு மூச்சு, இதற்கும் நாலு. ஓட்டம் மெதுவானால் மூச்சும் மெதுவாகும். கிளம்பும் முன்னால் இரண்டு விசில், அப்புறம் முதல் மூச்சு. அவ்வளவுதான். இதில் காதைக் கெடுக்க ஒன்றும் இல்லை.

காய்ச்சல் எதுவும் இல்லை. விழவும் இல்லை. கடிதத்தில் எழுதியதுதான். திரும்பினாள். நான் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

பஸ் ஸ்டாண்டில் நீ வந்தது எனக்குத் தெரியாது. ஒரே இரைச்சல். நீ கூப்பிட்டு நான் திரும்பாமல் போவேன் என்று பதினேழு மாதம் நம்பிக்கொண்டிருந்தாயே, அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

டாக்டர்கள் சொல்கிறபடி பொறுத்துப் பாரேன். தானாகத் திரும்பும் என்றால் தலையில் கத்தி வைப்பது எதற்கு?

இங்கே முதலாளி கொஞ்ச நாளாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன மாதம் நான் சத்தம் போட்டுக் கொடுத்த இரண்டு எஞ்சின் திரும்பி வந்துவிட்டன. வாடிக்கையாளர்களுக்கு எதுவும் திருப்தி இல்லை இப்போதெல்லாம்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


ஜூன் 24

அண்ணா,

அவர் வேலைக்கும் அத்தை கோயிலுக்கும் போயிருந்த நேரம் பரண்மேல் இருந்து எஞ்சினை இறக்கினேன். நீ வட்டமாகத் தண்டவாளம் அடித்துக் கொடுத்த பலகையைச் சாப்பாட்டு மேஜைமேல் போட்டேன். சில்வண்டை அதற்கு முதுகு காட்டி ஸ்டூலில் உட்காரவைத்தேன். அவள் பழக்கமாக ஒரு கையைப் பின்னால் நீட்டிப் பலகை விளிம்பில் வைத்துக்கொண்டாள். எதற்கு இதையெல்லாம் செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ எழுதியதில், பதில் இருந்தும் ஏதோ இல்லாத மாதிரி இருந்தது.

விசில் கொடுத்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இவள் அசையவில்லை. இரண்டாவது விசில், அதற்கும் இல்லை. சக்கரம் உருண்டு முதல் மூச்சு விட்டதும் சடாரென்று திரும்பினாள். வாயெல்லாம் பல்.

கேட்கிறது என்று நினைத்தேன், அண்ணா. ஒரு பத்து வினாடி அப்படித்தான் நினைத்தேன். பிறகு அவள் கையைப் பார்த்தேன்.

மெத்தையை இரண்டாக மடித்து மேஜைமேல் போட்டு அதன்மேல் பலகையை வைத்து, அவள் கையை மடியில் வைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஆறு தடவை. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழாவது தடவை மெத்தையை எடுத்துவிட்டுக் கையைப் பலகையில் வைத்தேன். திரும்பினாள்.

நான் மூன்று வருஷம் பிசிக்ஸ் படித்தவள். கட்டையில் சத்தம் காற்றைவிட வேகமாகப் போகும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். நீ ஸ்பீக்கரைக் கீழே பார்க்கவைத்துப் பசை போட்டு அடைத்தாய். சத்தம் முழுக்கப் பலகைக்குள் இறங்கியது. பலகையில் அவள் கை இருந்தது.

இதுவரை என்றால் உன்மேல் கோபமே இல்லை. ஏமாந்து போயிருப்பாய், நானும்தான் ஏமாந்தேன். ஆனால் அவள் கையை வைத்திருந்த விதம். விரலை அகல விரித்து, உள்ளங்கையை அழுத்தி, தலையை ஒரு பக்கம் சாய்த்து. அதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் யோசித்தேன். இங்கே இருந்தபோது எஞ்சினைச் சரிபார்க்க நீ அப்படித்தான் கை வைத்தாய். "என்னடா, வண்டிக்கு நாடி பாக்குறியா?" என்று அவர்கூடக் கிண்டல் பண்ணினார். நீ அவர் வாயைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கழித்துச் சிரித்தாய்.

நீ போனை எடுப்பதில்லை. சாப்பிடும்போது அத்தை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "உங்க தங்கச்சிய இன்னும் கொஞ்சம் வேலை பழக்கி அனுப்பியிருக்கலாம்" என்று சொன்னதற்குப் பதிலே சொல்லாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். திமிர் பிடித்தவன் என்று இன்றுவரை சொல்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் மூன்று தடவை கூப்பிட்டேன்.

உனக்கு எவ்வளவு நாளாகக் கேட்கவில்லை?

அவளைச் சோதித்த அன்றைக்கு நீ வேறு ஏதாவது பார்த்தாயா?

தங்கை


ஜூலை 6

தங்கச்சி,

நாலு தாள் கிழித்துப் போட்டுவிட்டு இது ஐந்தாவது.

இடது காது போய் ஒன்பது வருஷம். வலது காதில் பக்கத்தில் வந்து, முகத்தைப் பார்த்துப் பேசினால் பாதி புரியும், மீதியை நான் இட்டு நிரப்பிக்கொள்வேன். யாருக்கும் தெரியாது. முதலாளியிடம் "என்னண்ணே, சத்தத்துல கேக்கல" என்று சமாளிப்பேன். சத்தம் போடும் கடை என்பதால் அது எடுபட்டது. மூச்சு சரியாக விழுகிறதா என்று விரலில்தான் பார்ப்பேன். கை வைத்தால் நாலும் தனித்தனியாகத் தெரியும், ஒன்று பிசகினாலும் தெரியும். கடையிலேயே மூச்சு சுத்தமாக விழுவது என் எஞ்சினில்தான். விரலுக்கு விசில் தெரியாது. மேல் சத்தம் எதுவும் தெரியாது. திரும்பி வந்த இரண்டு எஞ்சினிலும் கீச்சென்று ஒரு சத்தம், பல் கூசுகிற மாதிரி, விடாமல் வந்துகொண்டிருந்ததாம். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அருமையாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். போன சனிக்கிழமை முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். நீ சில்வண்டுக்குச் செய்ததைத்தான் அவர் எனக்குச் செய்தார்.

நீ கேட்ட இரண்டாவது கேள்வி.

பத்துத் தடவை திரும்பினாள் என்பது உண்மை. விசிலுக்கு இல்லை, முதல் மூச்சுக்கு. அதை நான் முதல் தடவையே பார்த்துவிட்டேன். விசில் எப்போது முடிகிறது என்று எனக்குக் கேட்காது, ஆனால் சர்க்யூட் நான் செய்தது, எத்தனை வினாடி என்று மனப்பாடம். அப்புறம் எஞ்சினைப் பலகையில் இருந்து தூக்கிவிட்டேன். கையில் பிடித்துக்கொண்டு அவள் தலைக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் சக்கரத்தை ஓட்டினேன். விசில் கொடுத்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அவள் சுவரில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்துத் தானாகத் திரும்பி, நான் பார்ப்பதைக் கண்டு, என்ன என்கிற மாதிரி முகத்தை ஆட்டினாள்.

தெரிந்துதான் எழுதினேன்.

உன் கல்யாணம் பேசும்போது உன் மாமியார் என்னிடம் தனியாகக் கேட்டார்கள், உங்க குடும்பத்துல சீக்கு ஏதாச்சும் உண்டா என்று. இல்லை என்றேன். அப்போதே எனக்கு இடது காது இல்லை. அம்மாவை அப்பா செவிட்டு முண்டம் என்று திட்டுவாரே, நாம் அது வெறும் வசவு என்று நினைத்து வளர்ந்தோம். கடைசி வருஷங்களில் அம்மா அடுப்பில் பால் பொங்கினாலும் திரும்ப மாட்டாள், ஞாபகம் இருக்கிறதா? உன் மாமியார் வீட்டில் இருந்துகொண்டு பாப்பாவுக்குக் காது இல்லை என்று நான் சொன்னால், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். உன்னை அந்த வீட்டில் வைத்திருப்பார்களா என்று பயந்தேன். இப்படிச் சொன்னால் உனக்காகச் செய்த மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. என் வேலை போய்விடும் என்றும் பயந்தேன். எது முதலில் வந்தது என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

கொஞ்ச நாளில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், என் வாயால் வர வேண்டாம் என்று நினைத்தேன். என் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்று நினைக்கவில்லை.

டாக்டரிடம் இதைக் காட்டு. அவளுக்கு எப்போதும் கேட்டதில்லை.

அண்ணன்


ஜூலை 13

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எஞ்சினை எடுத்துக் கொல்லையில் வீசினேன். பிறகு சில்வண்டு போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். ஒரு சக்கரம் கழன்றுவிட்டது. இதை உனக்கு வலிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பதினேழு மாதம். இரண்டே கால் வயதில் அவளைக் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா தானாகச் சொல்லவில்லை, நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்போது கருவி வைத்திருந்தால் மற்றப் பிள்ளைகள் மாதிரியே பேசியிருக்கலாமாம். இப்போது வைத்தால் பேசுவாள், புரிந்துகொள்வாள், ஆனால் எந்த அளவுக்கு என்று வாக்குக் கொடுக்க முடியாதாம். "நாலு வயசு தாண்டிட்டா நான் ஆசை காட்ட மாட்டேம்மா" என்றார்கள்.

அவரிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார், அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. அத்தை பேசுகிறார்கள். நீ எதற்குப் பயந்தாயோ அத்தனையும் சொல்லி முடித்தாகிவிட்டது, "ஊமையைப் பெத்துக் குடுக்கத்தான் காலேஜ் படிச்சியா" என்பது உட்பட. நான் இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறேன். நீ பயந்த அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டே சமைக்க முடிகிறது.

இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எழுதிய மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். உன் பிப்ரவரிக் கடிதம் வந்த பிறகும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. ஒருநாள் அவள் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டை வேண்டுமென்றே போட்டேன், சிமென்ட் தரையில். அவள் திரும்பவில்லை. விளையாட்டில் மும்முரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது தடவை போட்டுவிட்டு, உடனே போய் உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். பத்துத் தடவையும் திரும்பினாள் என்ற வரியைப் படித்துவிட்டுத் தூங்கினேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னபோது அந்தத் தாளைத்தான் காட்டித் தடுத்தேன். உன் பொய் எனக்குத் தேவைப்பட்டது. உன்னை மன்னிக்க முடியவில்லை என்பதில் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புதுக் கடிதத்தை டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே கையெழுத்து. "ஒண்ணுல கேக்குதுங்கிறார், ஒண்ணுல கேக்கலைங்கிறார். ஆபரேஷன் சீக்கிரம் கிடைக்கணும்னு நீங்க எழுதி வாங்கினதுன்னு, ஆபரேஷனுக்குப் பிள்ளைங்கள எடுக்கிற குழுவுல கேட்டா நான் என்னம்மா சொல்றது?" என்றார்கள். கேட்டது நியாயம்தான்.

ஒரு வழி சொன்னார்கள். குடும்பத்தில் இது இருக்கிறது, அவளுக்குப் பிறவியிலேயே வந்திருக்கிறது என்று காட்ட முடிந்தால் ஃபைலில் இருக்கும் அந்த வரியை அவர்களே அடித்துவிட்டுக் குழுவுக்கு அனுப்புவார்களாம். அம்மா இல்லை. நீ இருக்கிறாய். நீ நேரில் வர வேண்டும். கண்ணாடி அறைக்குள் உன்னை உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிச் சத்தம் கொடுப்பார்கள், கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். ரத்தம் எடுப்பார்கள். பிறகு அன்றைக்கு நடந்ததை டாக்டரம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் மெதுவாகப் பேசுகிறவர்கள், வாய் நன்றாகத் தெரியும். நான் பக்கத்தில் இருப்பேன்.

அவரும் வருவார், அத்தையும் வருவேன் என்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டுதான் நீ சொல்ல வேண்டியிருக்கும். அந்த அறைக்குள் விரலை எங்கே வைத்தாலும் உனக்கு ஒன்றும் தெரியாது, இட்டு நிரப்பவும் முடியாது. தெரிந்துதான் கூப்பிடுகிறேன்.

குழு ஜூலை முப்பதாம் தேதி கூடுகிறது. அதற்கு அப்புறம் கூடுவது நவம்பரில். இருபத்தெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு உன் பெயரைப் பதிந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருகிறேன், கூப்பிட மாட்டேன், தோளைத் தொடுவேன்.

நீ வருவாயா மாட்டாயா என்று மட்டும் எழுது. வராவிட்டால் அதையும் எழுது, நான் வேறு ஏதாவது பார்க்க வேண்டும். தபால் வர ஐந்து நாள் ஆகிறது. தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு.

தங்கை